நூற்றி நாற்பதுக்குக் கீழே

சேசு மரி சூசை துணை

காக்ஸ் டவுன், பெங்களூர்
5.2.2004, வியாழக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா திருமதி பிரிஜெட் அவர்களுக்கு மதலேனம்மா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. சேசுவின் திரு இருதயம் உங்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் வித்தியாசம் பார்க்காமல் காப்பாற்றட்டும். இங்கே நான், என் வீட்டுக்காரர், மகன் டெஸ்மண்ட், மருமகள் நோரா, பேத்திகள் இருவர் ஆக ஆறு பேரும் உயிரோடு இருக்கிறோம். வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டிய நிலைமை இந்தத் தெருவில் உண்டாகிவிட்டது, அது உங்களுக்கும் தெரியும். ஆஸ்டின் டவுனில் உங்கள் முழங்கால், கண், பல் எல்லாம் வழக்கம்போல நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். உங்களுக்கு எப்போதும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு இவள் ஏன் தபால் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் பண்ணினால் நீங்களும் நானும் முதல் நிமிஷம் சுகம் விசாரிக்கிறோம், இரண்டாவது நிமிஷம் மழையைப் பற்றிப் பேசுகிறோம், மூணாவது நிமிஷத்தில் நம்ம பிள்ளைகள் கல்யாணத்தில் எந்தப் பந்திக்கு ஐஸ்கிரீம் வரவில்லை என்கிற பேச்சு வந்துவிடுகிறது. ஆறு வருஷமாக வருகிறது. தபாலில் அந்தத் தொந்தரவு கிடையாது. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்கள் கேட்டுத்தான் ஆகணும். நான் அஞ்சாம் கிளாசோடு நின்றவள்தான், ஆனாலும் கான்வென்ட் கன்னியாஸ்திரீ போர்டில் என் கையெழுத்தை எடுத்து ஒட்டி வைத்திருந்தார்கள். அதனால் படிக்க உங்களுக்கு சிரமம் இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். மஸ்கட்டுக்கு நீங்களே போங்கள். ஆஞ்சலாவின் தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் போகப்போவதில்லை, மாமியார்தான் போகணும் என்று முடிவாகிவிட்டது. முடிவு பண்ணினது நான் இல்லை, நீங்களும் இல்லை, இன்றைக்குக் காலையில் வந்த ரத்த ரிப்போர்ட்டு. இதை நான் எவ்வளவு சந்தோஷமாக எழுதுகிறேன் என்பதை என் எழுத்திலேயே பார்க்கலாம், ரெண்டு இடத்தில் பேனா கிழித்திருக்கிறது.

ஆனால் சும்மா விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது இல்லையா. மூணு மாசம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியணும். அக்டோபர் கடைசியில் ஆஞ்சலா போன் பண்ணினாள். ஆறு வருஷம் கழித்து வயிற்றில் வந்திருக்கு, டாக்டர் பிளேன் ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, ஊருக்கு வர முடியாது, நீ வாம்மா என்றாள். நான் அன்றைக்கே பாஸ்போர்ட்டை எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அதற்குள் டெஸ்மண்ட் வாய் சும்மா இருக்காமல், அம்மாவுக்கு சுகர் இருநூத்தி முப்பத்தாறு, போன மாசம் பூசையில் தலை சுத்தி பெஞ்சில் உட்கார்ந்துட்டாங்க என்று போட்டுக் கொடுத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைப் போனுக்குக் கூப்பிட்டாள். பெத்த பொண்ணு மாதிரி பேசவில்லை, வார்டில் நின்று பேசுகிற மாதிரி பேசினாள்.

"அம்மா, நான் நர்சு. நான் பிரசவத்துக்குப் படுத்திருக்கும்போது நீ மயக்கம் போட்டு விழுந்தா யாரை யாரு பார்க்கிறது? பிப்ரவரி முதல் வாரம் வெறும் வயித்து சுகர் நூத்தி நாப்பதுக்குக் கீழ இருக்கணும். இல்லேன்னா அத்தை வரட்டும்."

அத்தை என்றால் நீங்கள்தான். அந்த ஒரு வார்த்தைக்கே என் சுகர் இருபது ஏறியிருக்கும். டெஸ்மண்ட் பிள்ளைகள் ரெண்டையும் தொப்புள் விழுகிறதற்கு முன்னாலிருந்து குளிப்பாட்டினவள் நான். இந்தத் தெருவில் பதினோரு குழந்தைகளுக்கு என் கையால்தான் முதல் குளியல். என் மகள் பிள்ளைக்கு மட்டும் வேறு கை படணுமா என்று ராத்திரி முழுக்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரண்டேன். காலையில் எழுந்து, ஆனது ஆகட்டும், நூத்தி நாப்பது தானே என்று டாக்டரிடம் போனேன். அவர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார், சோற்றைக் குறைத்தார், தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். எங்கே நடக்கிறது. எங்கள் தெருவை ஒரே வருஷத்தில் மூணு தடவை தோண்டிவிட்டார்கள். ஒருத்தர் மூடிவிட்டுப் போனதும் அடுத்தவர் மம்முட்டியோடு வந்து நிற்கிறார். மிச்சம் இருக்கிற இடத்தில் நாய்கள் படுத்திருக்கிறது. அப்படியானால் வீட்டிலேயே செய்யுங்கள் என்றார் டாக்டர். இதைக் கேட்டு ஆஞ்சலா அங்கிருந்து கம்ப்யூட்டரில் ஒரு பேப்பர் அனுப்பினாள். நோரா அதை ஆபீசில் பிரிண்ட் எடுத்து வந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அதில் ஒரு பொண்ணு அரை டவுசர் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறாள், எழுந்திருக்கிறாள், சுவரைத் தள்ளுகிறாள், சிரிக்கிறாள். அந்தப் பொண்ணுக்கு சுகர் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. முழங்கால் வலி நிச்சயமாகக் கிடையாது.

முதல் நாள் நாற்காலி. கையை ஊன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருக்கணும். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிதான், நோரா வேறு தரையைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைக்கிறாள், மூணாவது தடவை உட்காரப் போனேன், நாற்காலி எனக்கு முன்னாடியே கிளம்பிப் போய்விட்டது. அன்றையிலிருந்து வீட்டுக்காரர் பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தடவை நான் எழுந்திருக்கும்போதும் எங்க போற என்று கேட்பார். ரெண்டாவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. நான் தள்ளின சுவருக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிற வனஜா, அவள் கன்னடக்காரப் பொண்ணு, ரொம்ப மரியாதை தெரிந்தவள், வந்து ஏதாவது வேணுமா அஜ்ஜி, கூப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போவாள். நாலு நாள் கேட்டாள். மூணாவது, ரெண்டு கையிலும் தண்ணி பாட்டிலைத் தூக்குவது. நாலாவது, நடக்கும்போது காலில் காயம் படாமல் வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது. சுகர்காரிக்குக் காலில் முள்ளு குத்தினால் கூடத் தெரியாதாமே. சரி என்று போட்டுக்கொண்டு நடந்தால், திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் செருப்போடு நடக்கிறீங்களா அத்தை என்கிறாள் நோரா. படத்தைத் திருப்பி வைக்க முடியுமா. கடைசியில் புதுச் செருப்பு ஒண்ணு வாங்கி, பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் தீர்த்தம் தெளித்து வாங்கி வந்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இருபது வருஷமாக எங்கள் தெருவைப் பார்க்கிறவர்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன் சம்பந்தியம்மா. நடக்கிறதுக்குத்தான் இடம் இல்லை. எங்க ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒன்பது எட்டு. நடுவில் கட்டில், ஓரத்தில் பீரோ. நான் கட்டிலைச் சுத்தி வந்து பீரோவில் முட்டிக்கிறதைப் பார்த்துட்டு, இரு நான் நகர்த்தித் தர்றேன்னு வீட்டுக்காரர் எழுந்தார். எழுபத்தொரு வயசு. டெஸ்மண்ட் வரட்டும்னு சொன்னேன், கேக்கல. பீரோ நகர்ந்தது, அதோட அவரு முதுகும் நகர்ந்தது. அப்படியே வளைஞ்சு நின்னவரை நானும் வனஜாவும் சேர்ந்து, கட்டிலை ஜன்னலோரமா தள்ளிப் படுக்க வெச்சோம். டாக்டர் வந்து பத்து நாள் அசையக் கூடாதுன்னு ஊசி போட்டுட்டுப் போனார். ஆக ஜன்னல்கிட்ட அவர் மல்லாக்கப் படுத்திருக்கார், ஹால் எனக்குக் காலியாயிடுச்சு. இதைத்தான் கவனமா மனசுல வெச்சுக்கோங்க. தெருவுல போறவங்களுக்கு ஜன்னல் வழியா அவரு தலை மட்டும் தெரியும்.

அரை மணி நேரம்னு கணக்கு வெச்சுக்கிறது எனக்கு ஒத்து வரல. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நடந்தா அது நகரவே மாட்டேங்குது. நமக்குத் தெரிஞ்ச கணக்கு செபமாலைதானே. ஒரு செபமாலை முழுசா சொன்னா இருபது நிமிஷம், அதோட மாதா பிரார்த்தனையும் சேர்த்தா சரியா அரை மணி. நாற்காலிக்குக் கூட ஒரு எழுந்திருக்கிறதுக்கு ஒரு மணி உருட்டினா பத்து சரியா வந்துடும். ஆஞ்சலா பேப்பர்ல இல்லாத இந்த யோசனை என்னோடது. மனசுக்குள்ள சொன்னா மறந்துடுதுன்னு சத்தமா சொன்னேன். காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, நடந்துக்கிட்டே. வெளியில தோண்டுற மெஷின் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பிரார்த்தனை வரும்போது வீட்டுக்காரர் படுத்த இடத்திலிருந்தே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு பதில் சொல்லுவார். முதுகு வலி இல்லையா, அதை முனகிக்கிட்டேதான் சொல்லுவார். மாசம் நவம்பர், உத்தரிக்கிற ஆத்துமாக்களோட மாசம், செத்தவங்களுக்காக வேண்டிக்கிற மாசம். இதுக்கு மேல நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. நீங்களும் நம்ம ஜனங்கதான். ஒரு வீட்டுல மூணு நாள் ரெண்டு வேளையும் விடாம செபமாலை கேட்டு, ஜன்னலோரமா ஒருத்தர் கண்ண மூடிப் படுத்திருந்தா நம்ம ஆளுங்க என்ன நினைப்பாங்கன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணல. எனக்கு நூத்தி நாப்பதைத் தவிர வேற ஒண்ணும் தோணல.

நாலாம் நாள் எதிர்வீட்டு மரகதம் வந்தா. பூ கட்டி விக்கிறவ, பத்து வருஷப் பழக்கம். உள்ள வராம வாசல் கேட்டுகிட்டயே நின்னு, டாக்டர் என்ன சொன்னாரு அக்கான்னு மெல்லக் கேட்டா. சுகரைப் பத்திக் கேக்குறான்னு நினைச்சு நான், மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க, அதுக்குள்ள குறையலேன்னா அவ்வளவுதான், எல்லாம் கை மீறிப் போயிடும்னு சொன்னேன். நடந்த மூச்சு வாங்கல் வேற. அவ முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு, நீ தைரியமா இருக்கே அக்கா, பார்த்தா யாராவது சொல்லுவாங்களான்னா. எனக்குப் பெருமையாதான் இருந்தது. பரவாயில்ல, இவளுக்காவது நம்ம கஷ்டம் தெரியுதேன்னு கூட ஒரு மணி உருட்டினேன்.

அன்னிக்கு சாயங்காலம் அன்பியத்துப் பொம்பளைங்க எட்டு பேர் பாட்டுப் புத்தகத்தோட வந்துட்டாங்க. எங்க தெருவுல செபக்கூட்டம் நடத்துறவங்க அவங்கதான். ரொட்டி, ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப் பழம், ஒருத்தி பெரிய பிளம் கேக்கு. யாரும் எதுவும் கேக்கல, வந்து கட்டிலைச் சுத்தி முழங்கால்ல நின்னுட்டாங்க. எனக்காக வேண்டிக்க வந்திருக்காங்கன்னு நான் நெகிழ்ந்து போயி நானும் கூட முழங்கால் போட்டேன். வீட்டுக்காரர் வலி மாத்திரை போட்டு அசந்து தூங்குறார். நாலாவது பாட்டு முடியிறதுக்குள்ள பங்குச் சாமியார் வந்துட்டார், கையில எண்ணெய்ச் சிமிழு. சாகக் கிடக்கிறவங்களுக்குப் பூசுற மந்திரிச்ச எண்ணெய். அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சமா உறைக்குது. வாயைத் திறக்கிறதுக்குள்ள சாமியார் அவரு நெத்தியில பூசிட்டார், கையைப் பிடிச்சு உள்ளங்கையில பூசறார். அப்போ இவரு கண்ணத் திறந்தார். சுத்தி எட்டு பொம்பளைங்க அழுறாங்க, சாமியார் ஊதாத் துண்டோட நிக்கிறார். இவரு எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார்.

"சாமி, முதுகுக்கும் கொஞ்சம் தடவுங்க. வலி அங்கதான்."

நான் வெக்கத்துல சமையல் ரூமுக்குள்ள போயிட்டேன். சரி, இதோட விட்டாங்களான்னா, விடல. அடுத்த வாரம் அவரு முதுகு சரியாகி எழுந்து வாசல்ல பேப்பர் படிக்க ஆரம்பிச்சதும், எண்ணெய் பூசி எழுந்தவர்னு பேர் வந்துடுச்சு. அவரைப் பார்க்க காக்ஸ் டவுன்ல இருந்து மட்டுமில்ல, ரிச்சர்ட்ஸ் டவுன்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்தாங்க. தொட்டுப் பார்த்தாங்க. நீங்களும் வந்தீங்க, ஞாபகம் இருக்கும். வெள்ளைப் புடவை கட்டி ஆட்டோவுல வந்து இறங்கினீங்க, வாசல்ல இவரு பேப்பர் படிக்கிறதைப் பார்த்துட்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொன்னீங்க. ஆட்டோக்காரர் திரும்பி வந்து, அம்மா மாலையை விட்டுட்டீங்கன்னு குடுத்துட்டுப் போனார். அந்த மாலையைச் சூசையப்பர் படத்துக்குப் போட்டோம், நல்லா இருந்தது. நான் அதைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலன்னு உங்களுக்கே தெரியும்.

வந்தவங்களுக்குக் காப்பி குடுக்கணுமா இல்லையா. காப்பி குடுத்தா சர்க்கரை போட்டுத்தான் குடுக்கணும். வந்தவங்களை மட்டும் குடிக்க விட்டுட்டு வீட்டுக்காரி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா என்ன நினைப்பாங்க, இவ ஏதோ கலந்துட்டான்னு நினைப்பாங்க. நானும் ஒரு வாய் குடிச்சேன். ஒரு நாளைக்கு ஒன்பது வாய். அவங்க கொண்டாந்த கேக்கை அவங்க முன்னாடியே ஒரு துண்டு வாயில போட்டாத்தான் மரியாதை. நடக்கிறதுக்கு ஹால்ல இடமே இல்ல, ஆளுங்க. நவம்பர் கடைசியில ரத்தம் எடுத்தா இருநூத்தி இருபத்தொண்ணு. ஒரு மாச உழைப்புக்குப் பதினஞ்சு பாயிண்ட். நோரா ரிப்போர்ட்டை நாலா மடிச்சுக் குடுத்தா. திட்டியிருந்தாலும் பரவாயில்ல.

டிசம்பர்ல இருந்து செபமாலையை வாய்க்குள்ளயே சொன்னேன். அதுலயும் பேஜாரு. எந்த மணியில இருக்கேன்னு மறந்து திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிப்பேன். ஒரு நாள் காலையில மாத்திரை போட்டுட்டு, நாஷ்டா அப்புறம் ஆகட்டும்னு நடக்க ஆரம்பிச்சவ, மூணு செபமாலை போயிட்டேன் போல. கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, சுவர் என்கிட்ட வருது. வீட்டுக்காரர் ஓடி வந்து சர்க்கரைத் தண்ணி கலக்கி வாயில ஊத்தினார். சுகர் ரொம்பக் கம்மியானாலும் ஆபத்துதான்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாராம், இவரு கேட்டு வெச்சிருக்கார், நான் கேக்கல. அந்த நேரம் பார்த்து நோரா குளிச்சுட்டு வெளிய வர்றா. நான் டம்ளரோட உட்கார்ந்திருக்கேன், பக்கத்துல சர்க்கரை டப்பா திறந்து கிடக்கு. அவ பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கல. உண்மையைச் சொன்னா ஆஞ்சலாவுக்குப் போயிடும், அப்புறம் நூத்தி நாப்பதே வந்தாலும் அனுப்ப மாட்டா. அதனால ஆசையா இருந்தது, குடிச்சேன்னு சொல்லிட்டேன். அறுபத்தாறு வயசுல சர்க்கரை திருடினேன்னு பேர் வாங்கிக்கிட்டேன் சம்பந்தியம்மா. அதுக்கப்புறம் நாஷ்டா சாப்பிடாம ஒரு எட்டு வெக்கிறதில்ல. நடக்கிறப்போ முந்தானையில ரெண்டு குளூக்கோஸ் மிட்டாய் முடிஞ்சு வெச்சுக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ரெண்டு படி மாவு பிசைஞ்சு கல்கல் பலகாரம் உருட்டினேன், ஒண்ணு கூட வாயில போடல. இத்தனை வருஷத்துல முதல் தடவையா ருசி பார்க்காம சுட்டேன், இனிப்பு கம்மின்னு எல்லாரும் சொன்னாங்க. மூணு மணி நேரம் மாவு பிசைஞ்சதை உடற்பயிற்சியில சேர்த்துக்கோன்னு ஆஞ்சலாவை போன்ல கேட்டுப் பார்த்தேன். உட்கார்ந்துக்கிட்டுதானே பிசைஞ்ச, சேராதுன்னுட்டா. என் அம்மா கூட என்கிட்ட இவ்வளவு கண்டிப்பா இருந்ததில்ல.

ஜனவரியில ஒரு வழியா எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. இவருக்கும் முதுகுக்காக நடக்கச் சொல்லிட்டாங்க. சாப்பாட்டு மேசையைச் சுத்தி நான் ஒரு பக்கமா, அவரு எதிர்ப்பக்கமா. ஒரே பக்கமா நடந்தா அவரு பின்னாடி வந்து செருப்பை மிதிக்கிறார். ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை எதிர்ல வருவோம். நாப்பத்திரெண்டு வருஷக் கல்யாணத்துல உன் மூஞ்சியை இவ்வளவு தடவை பார்த்ததில்லன்னு சொன்னார். குறை சொல்றாரா என்னன்னு நான் கேக்கல, மூச்சு வாங்குது. நாற்காலியில இப்போ கையை ஊன்றாம பதினஞ்சு தடவை எழுந்திருக்கேன். கோவில்ல முழங்கால்ல இருந்து எழும்போது முன்னாடி பெஞ்சைப் பிடிக்கிறதில்ல. போன வருஷ ரவிக்கை கையில தளர்ந்துடுச்சு. வனஜா வீட்டுச் சுவர்ல என் கை பட்ட இடம் ரெண்டும் பளபளன்னு இருக்கு.

இன்னிக்குக் காலையில ரிப்போர்ட். நானும் இவரும் போய் வாங்கினோம். வெறும் வயித்து சுகர் நூத்தி அம்பத்தெட்டு.

ரெண்டு தடவை படிச்சேன். தலைகீழா பிடிச்சிருக்கோமோன்னு கூடப் பார்த்தேன். பதினெட்டு பாயிண்ட் சம்பந்தியம்மா. இவரு, இருநூத்தி முப்பத்தாறுல இருந்து இறங்கியிருக்கு பாருன்னு சொல்லிக்கிட்டே வந்தார். டாக்டர் கூட முதுகில தட்டினார். அதெல்லாம் சரி. ஆனா என் பொண்ணு நூத்தி அம்பத்தெட்டுன்னா சொன்னா? நூத்தி நாப்பதுக்குக் கீழன்னு சொன்னா. பெத்த மககிட்ட போயி பதினெட்டு குறைச்சுக்கோடின்னு கெஞ்ச எனக்கு வராது. களைச்சுப் போயிட்டேன். காலு இல்ல, உள்ள. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டி வெச்சுட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். வர்ற திங்கட்கிழமை மாப்பிள்ளை ஓஸ்வால்ட் இருபதாம் தேதிக்கு டிக்கெட் போடுறார். உங்க பேர்ல போடச் சொல்லிடுங்க.

போறதுக்கு முன்னாடி சிலது தெரிஞ்சுக்கோங்க. குழந்தையைக் குளிப்பாட்டும்போது காலை நீட்டி உட்கார்ந்து, தலையை உங்க பாதத்துப் பக்கமா வெச்சுக்கோங்க. தண்ணியை முழங்கையில ஊத்திப் பார்த்துட்டு அப்புறம் ஊத்துங்க, விரல்ல பார்த்தா சமைக்கிற கைக்குச் சூடு தெரியாது. காதுல தண்ணி போகாம இடது கையால மூடிக்கோங்க. ஆஞ்சலாவுக்குப் பூண்டுக் குழம்பு வெச்சா பூண்டை மசிச்சுடுங்க, முழுசா கண்ணுல பட்டா ஒதுக்கிடுவா. கோழி சூப்புல மிளகு தூக்கலா. அப்புறம் ஒண்ணு. அவ வலிச்சா கத்த மாட்டா. சின்னதுல கை முறிஞ்சப்போ கூடச் சத்தம் போடல, வந்து என் பக்கத்துல சும்மா உட்கார்ந்தா. பேசிக்கிட்டு இருக்கிறவ பேச்சை நிறுத்திட்டா வலி ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். நர்சுங்களுக்கு அது தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. அவ பேச்சு நின்னவுடனே நீங்க கையைப் பிடிச்சுக்கோங்க. அம்மா சொல்லி அனுப்பினான்னு சொல்ல வேண்டாம், சும்மா பிடிச்சுக்கோங்க.

இதுக்கு மேல எழுத ஒண்ணுமில்லை. பிளேனில் உங்களுக்கு சன்மனசுகள் இறக்கை கொடுக்கட்டும். திரும்பி வரும்போது குழந்தையின் போட்டோ ஒன்று தனியாக எனக்குக் கொண்டுவரவும். வீட்டுக்காரர் தன் வணக்கத்தையும், மாலைக்கு நன்றியையும் சொல்லச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எல்லாரையும் மாதாவின் முந்தானைக்குள் ஒப்புக்கொடுத்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
மதலேனம்மா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போற நேரத்துல நோரா வந்துட்டா. ஆபீஸ் விட்டு நேரா விவேக் நகர் குழந்தை ஏசு கோவிலுக்குப் போனாளாம், வியாழக்கிழமை இல்லையா. அங்க உங்களைப் பார்த்தாளாம். மத்தியானம் நான் போன்ல சொன்ன ரிப்போர்ட்டு நம்பரை அவ வாயால கேட்டதும் நீங்க மெழுகுவத்தி ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களாம். பிளேன்னா உங்களுக்கு உயிர் போற பயம், மொட்டை மாடியில துணி காயப்போடக்கூட ஏறமாட்டீங்க, மகன்கிட்ட சொல்ல வெக்கமா இருக்குன்னு சொன்னீங்களாம். மதலேனம்மா சுகர் குறையணும், அவங்களே போகணும்னு பதினாலு வியாழக்கிழமை மெழுகுவத்தி ஏத்தினீங்களாமே. கிறிஸ்துமஸ் அன்னிக்குக்கூட விடலயாமே.

இதை நவம்பர்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் கொஞ்சம் மெல்லமா நடந்திருப்பேன்.

நோரா அங்கேயே நின்னு ஆஞ்சலாவுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. அதுக்கு ஆஞ்சலா, அம்மா மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில இருக்கணும், வந்து இறங்கின அன்னிக்கே சுகர் பார்ப்பேன், அதுக்கு ஒத்துக்கிட்டா வரச் சொல்லுன்னாளாம். ஒத்துக்கிட்டேன். அதனால மேலே எழுதின ஆறு பக்கத்தையும் எழுதாததா வெச்சுக்கோங்க. கிழிச்சுடலாம்னுதான் பார்த்தேன், மத்தியானத்துல இருந்து எழுதின கை வலிக்குது, அப்படியே அனுப்புறேன். டிக்கெட் என் பேர்ல போடட்டும். உங்க வேண்டுதல்ல இன்னும் பதினெட்டு பாயிண்ட் பாக்கி இருக்கு. நான் ஏறுறதுக்குள்ள ரெண்டு வியாழக்கிழமை வருது, போகாம இருந்துடாதீங்க.